தெரியாத மாதிரி ஒரு வருஷம்

அந்தப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்தவர்களைவிட மழைக்கு ஒதுங்க வந்தவர்கள்தான் அதிகம். மாடிப்படிக்குக் கீழே நீளமாக ஓர் அறை. ஒரு சுவர் முழுக்க ஆறு இரும்பு அலமாரி. அதில் இரண்டின் சாவி எந்தக் காலத்திலோ தொலைந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நடுவில் நீள மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. மேலே யாராவது தடதடவென்று ஓடினால் கீழே டியூப்லைட் ஒருமுறை கண்ணடிக்கும். இந்த ராஜ்யத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் ராணி. பிள்ளைகளுக்கு நூலகத்து அக்கா. ஆசிரியர்களுக்கு ‘அந்த லைப்ரரிப் பொண்ணு’. முப்பத்தாறு வயது ஆன பிறகும் பொண்ணுதான்.

அக்கா கணக்கில் பட்டம் வாங்கியவள். சும்மா இல்லை, முதல் வகுப்பு. வாத்தியார் வேலைக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். சாக்பீஸைக் கையில் வாங்கி நாற்பது தலைகளைப் பார்த்தவுடன் குரல் நடுங்கும், பிறகு காணாமலே போய்விடும். மூன்றாவது தடவை முன் பெஞ்சில் இருந்த ஒரு வாண்டு, “பாவம், தண்ணி குடுங்கப்பா” என்றது. அதோடு சரி. கும்பிடு போட்டுவிட்டு வந்தவள்தான். நூலகத்தில் குரலே தேவையில்லை. ‘அமைதி’ என்று ஒரு பலகை மாட்டினால் வேலை முடிந்தது.

இப்படிச் சிவனே என்று இருந்தவளிடம் ஒருநாள் தலைமையாசிரியை பத்துப் பிள்ளைகளை அனுப்பி வைத்தாள். பத்தாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள், எழுதாததற்குக் காரணம்கூடச் சொல்லாதவர்கள். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். அக்காவின் வேலை, ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது. கூடவே கணக்கு சார் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: “நீங்க எதுவும் சொல்லித் தர வேணாம்மா. சும்மா பாத்துக்கிட்டா போதும். நீங்க ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, பசங்க குழம்பிடுவாங்க.” சுருக்கென்று இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

பத்தும் பத்து விதம். ஒருத்தன் பென்சிலைச் சீவிச் சீவியே தீர்ப்பான். ஒருத்தி நோட்டு முழுக்க ஒரே கண்ணை வரைந்துகொண்டிருப்பாள், வலது கண்ணை மட்டும். மூன்று பேர் மேஜைக்கு அடியில் காலால் சண்டை போடுவார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவியாக ஒருத்தி இருந்தாள், பட்டப்பெயர் கொட்டாவி. அவள் ஒரு கொட்டாவி விட்டால் அது மேஜையின் அந்த முனைவரை போய், ஒவ்வொரு வாயாகத் திறந்துவிட்டுத் திரும்பி வரும். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள், கைக்காசு போட்டு பிஸ்கட் வாங்கிப் போட்டும் பார்த்தாள். பிஸ்கட் காலியானது. நோட்டு அப்படியே வெள்ளையாக இருந்தது.

மூன்றாவது வாரம், கொட்டாவி என்ன நினைத்தாளோ, நோட்டை இந்தப் பக்கம் தள்ளினாள். “அக்கா, இது எப்படின்னு சொல்லுங்க. எழுதிட்டுப் போய்த் தொலையறேன்.”

பின்னம் கூட்டுகிற சாதாரணக் கணக்கு. அக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டது. கணக்கு சாரின் முகம் நினைவுக்கு வர, முழுங்கிக்கொண்டாள். “எனக்குத் தெரியாதும்மா.”

கொட்டாவிக்குப் பாதியில் நின்றது கொட்டாவி. “தெரியாதா? நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“பெரியவங்க யாரும் இப்படி சொல்ல மாட்டாங்களே! இது ஆறாங்கிளாஸ் கணக்குக்கா.” அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள், பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அக்காவின் மானம் போகக் கூடாதாம். “இங்க பாருங்க. கீழ இருக்கறது ரெண்டும் வேற வேற. அப்படியே கூட்டக் கூடாது. அது... இருங்க, புக்ல இருக்கும்.”

வருஷம் ஆரம்பித்து முதல் தடவையாக அவள் தானாகப் புத்தகத்தைத் திறந்ததை அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாள். அன்றைக்கு அக்கா செய்தது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். ருசி கண்டுவிட்டாள், அதுதான் வினை.

மறுநாளிலிருந்து அக்கா ஒரு தொழில் கற்றுக்கொண்டாள், தெரியாமல் இருக்கிற தொழில். அது லேசுப்பட்ட வேலை இல்லை. எந்த இடத்தில் தடுமாறினால் பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும், எப்படிச் சந்தேகம் கேட்டால் புத்தகத்தில் தேடியே ஆக வேண்டும், எத்தனையாவது தடவை ‘ஆங், இப்பப் புரிஞ்சுது’ என்று சொன்னால் முகம் மலரும் என்று எல்லாம் அத்துப்படி ஆயிற்று. பென்சில் சீவுகிறவன் அவளுக்காக ஒரு படம் போட்டு விளக்கினான். கண் வரைகிறவள் வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தாள். ‘மக்கு அக்கா’ என்று செல்லமாகப் பெயர் வைத்தார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பத்துப் பேர் முன்னால் பேசினாள், குரல் நடுங்கவில்லை. மக்குக்கு எதற்கு நடுக்கம்?

கொட்டாவிதான் ஒருநாள் கேட்டாள், “உங்களுக்கு இது எதுக்குக்கா? லைப்ரரில கணக்கு வேணுமா என்ன?”

நியாயமான கேள்வி. அக்காவின் நாக்கு என்ன செய்யும், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. “நான் பத்தாவதுல கணக்குல போயிட்டேன்மா. இந்த வருஷம் தனியா எழுதலாம்னு இருக்கேன்.”

கொட்டாவி சொன்னாள், “அப்ப நான் உங்களை பாஸ் பண்ண வைக்கறேன்.”

சொன்னதோடு விட்டாளா! கால அட்டவணை போட்டாள். வாராவாரம் பரீட்சை வைத்தாள். அக்கா வேண்டுமென்றே தப்புப் போட்டால், “கவனம் எங்க இருக்கு உங்களுக்கு? வீட்ல உக்காந்து என்ன பண்றீங்க?” என்று திட்டினாள். மறுநாள் சொல்லிக்கொடுப்பதற்காக முந்தைய நாளே படித்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடமே மூக்கில் விரல் வைத்தது. கணக்கில் பத்தும் பன்னிரண்டும் வாங்கிக்கொண்டிருந்தவள் அரையாண்டில் நாற்பத்தெட்டு வாங்கினாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள்; சீருடையோடு நேராக வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “வீட்ல எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதாம்மா. ‘அக்கா பாவம், அக்காவுக்கு இன்னும் பின்னமே வரல’ங்கறா. நீங்க நல்லா இருக்கணும்.” அந்தக் கை சலவைச் சோடாவில் ஊறித் தடித்துப் போயிருந்தது. அக்கா சிரித்துச் சமாளித்தாள்.

இனி வீட்டுக் கதை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிற மனுஷனுக்குச் சாயங்காலம் ஒரு சிரிப்பு வேண்டாமா? “டீச்சரம்மா, இன்னைக்கு என்ன தெரியாமப் போச்சு?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். அக்கா நடித்துக் காட்டுவாள். கொட்டாவி மாதிரியே கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியைத் தூக்கிவிடுவாள், விரலை ஆட்டுவாள்: “அக்கா, அவசரப்படாதீங்க. கணக்கு எங்கயும் ஓடிடாது. நிதானமா மூச்சு விடுங்க.” அவர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். இவளும் சிரிப்பாள். கேலி இல்லை, பிரியம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிரியமும்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் அந்த அறையில் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

இப்போது கூம்புக்கு வருவோம்.

தை பிறந்தால் என்ன, மாசி பிறந்தால் என்ன, பத்தாம் வகுப்புக்கு அது பரீட்சைக் காலம். அன்றைக்குப் பாடம், ஒரு கூம்புக்குள் எவ்வளவு கொள்ளும் என்று கண்டுபிடிப்பது. கூம்புக்கு இரண்டு உயரம் உண்டு. உச்சியிலிருந்து நேராக நடுவில் இறங்குவது ஒன்று. வெளிப்பக்கம் சரிவாக இறங்குவது இன்னொன்று. உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதற்கு நேர் உயரம்தான் வேண்டும். கொட்டாவி ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்துகொண்டு வந்திருந்தாள். பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். “எல்லாரும் பாருங்க. இதான் உயரம்” என்று உச்சியிலிருந்து வெளிச் சரிவில் விரலை வழுக்கிக்கொண்டு வந்தாள். “இதை வெச்சுப் போட்டா, உள்ள எவ்ளோ தண்ணி பிடிக்கும்னு டாண்ணு வந்துடும்!”

தப்பு. அக்காவுக்கு அந்த விரல் கிளம்பும்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பென்சில்காரன் கை தட்டினான். கால் சண்டை போடுகிற மூன்று பேரும் தட்டினார்கள். வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கை தட்டியதில்லை. ஒன்பது பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள், மக்குக்குப் புரிந்ததா என்று. கொட்டாவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆங், இப்பப் புரிஞ்சுது” என்றாள் அக்கா.

நாளைக்கு ஒரு முட்டாள் சந்தேகம் கேட்டு நைசாகத் திருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டாள். நாளைக்கு விளையாட்டுப் போட்டி. மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல். அதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கூம்பு அலமாரி மேல் தூசியோடு உட்கார்ந்திருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. பெரிய பாவமெல்லாம் மனுஷர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டம் போட்டுச் செய்வதில்லை. ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்றே செய்துவிடுகிறார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் கொட்டாவி ஒரு அட்டையை நீட்டினாள். உள்ளங்கை அளவு, பொடிப்பொடி எழுத்தில் சூத்திரம் எல்லாம். “பஸ்ல போகும்போது பாத்துக்கங்க. உள்ள எடுத்துட்டுப் போயிடாதீங்க, மாட்டிக்குவீங்க. உங்க சென்டர் எங்கக்கா?”

“ரொம்ப தூரம்மா.” எத்தனையாவது பொய் என்று எண்ணுவதை அக்கா எப்போதோ நிறுத்திவிட்டாள். அட்டையைப் பைக்குள் போட்டாள். பரீட்சை எழுதுகிறவள் என்றால் படித்திருப்பாள். இவள் எழுதப்போகிறாளா என்ன? அப்படியே விட்டுவிட்டாள். பரீட்சை அன்று லீவு போட்டு, வீட்டில் திரைச்சீலை துவைத்தாள்.

முடிவு வந்த நாள் பள்ளியில் ஆள் நடமாட்டமே இல்லை. அக்கா பழைய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கொட்டாவி வந்து நின்றாள்.

“அம்பத்தேழு” என்றாள்.

பத்து வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பத்தேழு! அக்கா கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் செத்துக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. மேல் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்க அறுபது வேண்டும். அறுபது என்பது அந்தப் பள்ளிக்கூடம் தானாகவே கிழித்துக்கொண்ட கோடு. இரண்டு மாதமாக அந்தப் பெண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: கணக்குப் பிரிவு எடுக்கணும், கணக்கு டீச்சர் ஆகணும், புரியாதவங்களுக்குப் புரிய வைக்கணும். “எனக்கு அது வரும்க்கா. உங்களுக்கே வர வெச்சேன்ல” என்பாள்.

“என்னை விடுங்க. நீங்க எவ்ளோ?”

இத்தனை நாளும் இந்தக் கேள்வி வரும் என்று தெரியாமலா இருந்தாள்? தெரியும். பாஸ் என்றால் மதிப்பெண் சொல்ல வேண்டும், தேர்வு எண்ணைக் காட்ட வேண்டும். பெயில் என்றால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

“போயிடுச்சும்மா” என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் தெரிந்தது, எவ்வளவு பெரிய தப்பு என்று. அந்தப் பெண் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. எழுந்து வந்து அக்காவின் முழங்கையைத் தொட்டாள். “பரவால்லக்கா. உங்க தப்பில்ல. நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல.”

“அப்படியெல்லாம் இல்ல...”

“அந்தக் கூம்புக் கணக்கு வந்துச்சே, அஞ்சு மார்க், அதைப் போட்டீங்களா? நான் சொன்ன மாதிரியேதான் நானும் போட்டேன். சரிவு பதிமூணுன்னு குடுத்திருந்தான், அதை வெச்சு டாண்ணு போட்டுட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு சந்தேகமே இல்லாமப் போட்டது.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு இது வராதுக்கா. ஒரு வருஷம் ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்து, அவங்களும் பெயில், நானும் கோட்டுக்கு இந்தப் பக்கம். அம்மா சொல்ற மாதிரி தையல் பிரிவுக்கே எழுதிக் குடுத்துடறேன். திங்கக்கிழமை கடைசி நாள்.”

அவள் போன பிறகு அக்கா பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, பஸ் சீட்டு, மாத்திரை அட்டை, அடியில் அந்தச் சூத்திர அட்டை. ஏழாவது வரி, கூம்பு. பக்கத்தில் குட்டியாக ஒரு படம். உயரம் என்று வெளிச் சரிவில் அம்புக்குறி. கீழே சின்ன எழுத்தில், ‘மறக்காதீங்க, இது நீங்க உடனே புரிஞ்சுக்கிட்டது.’ பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டிருந்தாலும் மீதி நான்கு போச்சு. ஐம்பத்தேழும் நான்கும் அறுபத்தொன்று. இந்தக் கூட்டலுக்கு முதல் வகுப்புப் பட்டம் தேவையில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அன்று வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார். “டீச்சரம்மா, இன்னைக்கு என்ன தெரியாமப் போச்சு?”

அக்கா சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “நாம ரெண்டு பேரும் அந்தப் புள்ளையைப் பாத்துத்தான் இத்தனை நாளும் சிரிச்சோம் இல்ல?” என்றார். இரண்டு பேரும் பாதியில் தட்டை எடுத்து வைத்தார்கள்.

காலையில் தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றாள். கணக்கு சாரும் இருந்தார். இருக்கட்டும், அதுவும் வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். கூனிக் குறுகித்தான் சொன்னாள், ஆனாலும் விடாமல் சொன்னாள். கணக்கு சார் மேஜையைத் தட்டினார். “நான் அன்னைக்கே சொன்னேனே, எதுவும் சொல்லித் தர வேணாம்னு!”

“நான் சொல்லித் தரல சார். அதுதான் சார் தப்பு.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கோடு நாம போட்டதுதான். சனிக்கிழமை நம்ம ஸ்கூல்லயே அவளுக்கு ஒரு பரீட்சை வைக்கலாம். அறுபது வந்தா சேத்துக்கறேன். ஆனா ஏன் வைக்கறோம்னு அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

சனிக்கிழமை அவள் எழுதினாள், எழுபத்திரண்டு வாங்கினாள், கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசைப் போட்டு உருட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் அக்காவுக்கு முக்கியமான நாள் அந்தச் சனிக்கிழமை இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம்.

கொட்டாவியை வரச் சொல்லியிருந்தாள். அதே மேஜை, அதே பெஞ்சு. “நான் பெயிலாகல” என்று ஆரம்பித்தாள் அக்கா.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். “பாஸா! மறுபடி கூட்டிப் பாத்தாங்களா? எவ்ளோக்கா? ஐயோ, சொல்லுங்களேன்!” இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டு அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அரையாண்டில் நாற்பத்தெட்டு வாங்கியபோதுகூட அவள் முகத்தில் இல்லாத சந்தோஷம் அது.

“நான் எழுதவே இல்லம்மா” என்றாள் அக்கா. “எனக்குக் கணக்கு தெரியும். படிச்சிருக்கேன். காலேஜ்ல கணக்குதான் படிச்சேன்.”

தோளிலிருந்து கை இறங்கியது. பிறகு எல்லாம் சொன்னாள். சனிக்கிழமைப் பரீட்சையையும் சொன்னாள், கூம்பையும் சொன்னாள். அந்த விரல் கிளம்பும்போதே தெரியும் என்பதையும் சொன்னாள். முடிந்ததும், அந்தப் பெண் மேஜையில் யாரோ பேனாவால் தோண்டிய பள்ளத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“பின்னம்கூடத் தெரியுமா?”

“தெரியும்.”

“முதல் நாள்லேர்ந்தா?”

“முதல் நாள்லேர்ந்து.”

“நான் திரும்பத் திரும்பச் சொன்னப்பல்லாம்... உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஆறுதலுக்குச் சொன்ன பொய்களில்தான் ஒரு வருஷம் ஓடியிருந்தது.

“இங்க சிரிக்கல” என்றாள் அக்கா. “வீட்ல சிரிச்சேன். உன்னை மாதிரி பேசிக் காட்டி.”

அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்தது, பிறகு கழுத்து. நூலகத்துக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். எழுந்து போய்விடுவாள் என்று அக்கா நினைத்தாள். போகவில்லை. நோட்டைத் திறந்து ஒரு வெள்ளைப் பக்கத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள், பேனாவையும் வைத்தாள்.

“அந்தக் கூம்புக் கணக்கைப் போடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி.”

அக்கா போட்டாள். அடி வட்டத்தின் நடுவிலிருந்து ஓரம்வரை ஐந்து, வெளிச் சரிவு பதின்மூன்று. நேர் உயரம் பன்னிரண்டு. கொள்ளளவு. நான்கே வரி. பேனா எங்கேயும் நிற்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பெண் கணக்கைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ வேகமாப் போடுவீங்களா?” என்றாள்.

அக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

“சரி, சனிக்கிழமை பரீட்சை இருக்கு. சொல்லிக் குடுங்க” என்றாள் கொட்டாவி. குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. “இந்தப் பன்னெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?”

அக்கா சொன்னாள். கூம்பை நடுவில் வெட்டினால் உள்ளே ஒரு முக்கோணம் தெரியும், அதன் ஒரு பக்கம் ஐந்து, சாய்ந்த பக்கம் பதின்மூன்று, நேராக நிற்பது பன்னிரண்டு. படம் போட்டுச் சொன்னாள்.

“புரியல.”

மறுபடி சொன்னாள். காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்து, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிக் காட்டினாள்.

கொட்டாவி வெட்டிய பாதியைக் கையில் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், மேஜையில் வைத்தாள். “புரியலக்கா.”

மூன்றாம் தடவை. நான்காம் தடவை. மத்தியான வெயில் அலமாரிப் பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கவனமாகக் கேட்டாள், கண்ணை இமைக்காமல் கேட்டாள், முடிந்ததும் அதே குரலில் புரியவில்லை என்றாள். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே புரியவில்லையா, இல்லை எல்லாம் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? அக்கா அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்றால் எந்த வாயால் கேட்பது?

பேனாவை எடுத்து முதல் வரியிலிருந்து ஐந்தாம் தடவையாக ஆரம்பித்தாள்.